மீன் எண்ணெய்: தரமும் அளவும்

அண்மை ஆண்டுகளில் நம் நாட்டின் பெருநகரங்களில் மட்டுமின்றி, வட்டத் தலைநகரங்களில் உள்ள மருந்துக் கடைகளிலும் மீன் எண்ணெய் காப்ஸ்யூல்கள் அடங்கிய புட்டிகள் வரிசையாக இடம்பெற்றுள்ளன. மாரடைப்பிலிருந்து மீண்டவர், மூட்டு வலியால் வருந்தும் முதியவர், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையின் தாய், உடற்பயிற்சிக் கூடத்திற்குச் செல்லும் இளைஞர் எனப் பலதரப்பட்டோர் இவற்றை வாங்குகின்றனர். மாதம் ஒன்றுக்குச் சில நூறு ரூபாய் இதற்காகச் செலவாகிறது. வசதி படைத்தோருக்கு இது பெருந்தொகை அன்று. ஆனால், வருமானத்தை எண்ணிச் செலவிடும் நடுத்தரக் குடும்பத்தில் இத்தொகை பால், பருப்பு, முட்டை ஆகியவற்றுக்குச் செல்ல வேண்டிய பணத்திலிருந்தே பெரும்பாலும் எடுக்கப்படுகிறது. ஆதலின், இந்த எண்ணெய் யாருக்குத் தேவை, எந்தத் தரத்தில் தேவை, எவ்வளவு தேவை என்னும் மூன்று கேள்விகளும் குடும்பப் பொருளாதாரத்தைச் சார்ந்த கேள்விகளாகவும் அமைகின்றன.

இக்கேள்விகளுக்கு விடை காண்பதில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. சந்தையில் கத்தரிக்காய் வாங்குபவர் அதைத் தொட்டுப் பார்த்து வாங்குகிறார். அரிசி வாங்குபவர் ஒரு முறை சமைத்து உண்டதும் அதன் தரத்தை அறிந்துகொள்கிறார். மீன் எண்ணெயின் நிலை வேறு. வாங்குவதற்கு முன்னும் அதன் தரம் புலப்படாது. பல மாதங்கள் உட்கொண்ட பின்னும் புலப்படாது. இத்தகைய பொருள்களின் சந்தையில் விளம்பரமே தரத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது பொருளியல் அறிந்தோர் ஒப்புக்கொண்ட உண்மை. இதற்கு மாற்று, புட்டியின் மேலுள்ள சிறிய எழுத்துகளைப் படித்து, எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கும் பழக்கமே.

இரு வகை எண்ணெய்கள்

மீன் எண்ணெய் என்னும் ஒரே பெயரால் இரு வேறு பொருள்கள் வழங்கி வருகின்றன. முதலாவது, காட், சுறா போன்ற மீன்களின் ஈரலிலிருந்து எடுக்கப்படும் எண்ணெய். வீடுகளில் 'மீன் எண்ணெய் மாத்திரை' என்று பல தலைமுறைகளாக வழங்கும் சிறிய மஞ்சள் நிற உருண்டைகள் இவ்வகையைச் சேர்ந்தவை. இரண்டாவது, நெத்திலி இனங்கள், மத்தி, அயிலை போன்ற கொழுப்பு மிகுந்த சிறு மீன்களின் உடல் தசையிலிருந்து எடுக்கப்படும் எண்ணெய். தென் அமெரிக்காவில் பெரு நாட்டுக் கடற்பகுதியில் பிடிக்கப்படும் ஒருவகை நெத்திலி, உலகச் சந்தைக்கு வரும் இத்தகைய எண்ணெயின் முக்கிய மூலமாகும்.

ஈரல் எண்ணெயின் சிறப்பு அதில் உள்ள வைட்டமின் ஏ, வைட்டமின் டி ஆகியவை. எலும்புகள் வளையும் ரிக்கெட்ஸ் நோயைக் காட் ஈரல் எண்ணெய் தடுக்கிறது என்பது முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் ஆய்வுகளால் நிறுவப்பட்டது. அதற்குக் காரணமான பொருளுக்கு 1922-இல் வைட்டமின் டி என்று பெயர் சூட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது ஐரோப்பாவிலிருந்து காட் எண்ணெய் வருவது தடைப்பட்டதால், சென்னை மாகாண அரசு கோழிக்கோட்டில் சுறா ஈரல் எண்ணெய் தயாரிப்பை மேற்கொண்டது. திருவிதாங்கூரிலும் பம்பாயிலும் இத்தொழில் வளர்ந்தது. போருக்குப் பின்னர் வைட்டமின் ஏ செயற்கை முறையில் மலிவாகத் தயாரிக்கப்பட்டதும் ஈரல் எண்ணெயின் முக்கியத்துவம் குன்றியது. வைட்டமின் ஏ குறைவினால் குழந்தைகளுக்கு ஏற்படும் பார்வை இழப்பைத் தடுக்கும் தேசியத் திட்டம் 1970-இல் தொடங்கப்பட்டது. இன்று 9 மாதம் முதல் 5 வயது வரை ஒன்பது தவணைகளில் இந்த வைட்டமின் குழந்தைகளுக்கு இலவசமாக வழங்கப்படுகிறது. எனவே, இந்தக் குறையைப் போக்கக் குழந்தைக்கு மீன் எண்ணெய் வாங்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை.

உடல் எண்ணெயின் சிறப்பு வேறு. அதில் ஒமேகா-3 வகையைச் சேர்ந்த இரண்டு நீண்ட கொழுப்பு அமிலங்கள் உள்ளன. ஒன்று, ஐகோசாபென்டாயினாயிக் அமிலம், சுருக்கமாக இ.பி.ஏ. மற்றொன்று, டோகோசாஹெக்சாயினாயிக் அமிலம்; சுருக்கமாக டி.எச்.ஏ. கிரீன்லாந்தில் மீனும் கடல் விலங்குகளும் மிகுதியாக உண்டு வாழும் இனூயிட் மக்களை டென்மார்க் நாட்டு அறிஞர்கள் பாங், டையர்பெர்க் ஆகியோர் 1970-களில் ஆராய்ந்து, அவர்களுடைய இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு குறைந்திருப்பதைக் கண்டனர். இக்கொழுப்பு அமிலங்களின் மீது உலகின் கவனம் திரும்பியது அப்போதுதான். மூளை, விழித்திரை ஆகியவற்றின் அமைப்பில் டி.எச்.ஏ. முக்கியப் பங்கு வகிக்கிறது. இன்று சந்தையில் 'ஒமேகா-3' என்னும் பெயருடன் விற்பனையாவது இவ்விரண்டிற்காகவே.

எடையா, சத்தா?

நம் கிராமப் பால் கூட்டுறவுச் சங்கங்களில் பாலின் அளவை மட்டும் பார்த்து விலை தருவதில்லை. பாலில் உள்ள கொழுப்புச் சத்தைச் சோதித்து, அதற்கேற்ப விலை தருகின்றனர். தண்ணீர் கலந்த பத்து லிட்டருக்கும் கெட்டியான பத்து லிட்டருக்கும் ஒரே விலை தந்தால் சங்கம் நிலைக்காது என்பதை உறுப்பினர் அனைவரும் அறிவர். மீன் எண்ணெய் வாங்குவோரும் இதே முறையைக் கையாள வேண்டும்.

புட்டியின் முகப்பில் '1000 மில்லிகிராம்' என்று பெரிய எழுத்தில் இருப்பது எண்ணெயின் எடையே. சத்தின் எடை அன்று. செறிவூட்டப்படாத சாதாரண மீன் எண்ணெயில் ஏறத்தாழ 18 சதவிகிதம் இ.பி.ஏ.யும் 12 சதவிகிதம் டி.எச்.ஏ.யும் இருக்கும். அதாவது, 1000 மில்லிகிராம் காப்ஸ்யூலில் இவை முறையே 180, 120 மில்லிகிராம். இரண்டும் சேர்ந்து 300 மில்லிகிராம். எஞ்சிய 700 மில்லிகிராம் பிற கொழுப்புகளே. செறிவூட்டப்பட்ட எண்ணெயில் இவ்விரண்டும் சேர்ந்து 500, 600 மில்லிகிராம் அல்லது அதற்கு மேலும் இருக்கலாம். மருத்துவரின் சீட்டின் பேரில் பல நாடுகளில் வழங்கப்படும் ஒருவகை ஒமேகா-3 மருந்தில் ஒரு கிராமுக்குச் சுமார் 840 மில்லிகிராம் உள்ளது.

கணக்கு எளிது. காப்ஸ்யூல் ஒன்றின் விலையை அதில் உள்ள இ.பி.ஏ., டி.எச்.ஏ. கூட்டுத் தொகையால் வகுத்தால் ஒரு கிராம் சத்தின் விலை கிடைக்கும். விளக்கத்திற்காக மூன்று புட்டிகளை வைத்துக்கொள்வோம். முதல் புட்டியில் 300 மில்லிகிராம் சத்துள்ள 60 காப்ஸ்யூல்கள். விலை 360 ரூபாய். இரண்டாவதில் 600 மில்லிகிராம் சத்துள்ள 60 காப்ஸ்யூல்கள். விலை 600 ரூபாய். மூன்றாவதில் 300 மில்லிகிராம் எடையுள்ள சிறிய ஈரல் எண்ணெய் உருண்டைகள் 100. விலை 200 ரூபாய். மூன்றாவதே மலிவு என்று தோன்றும். ஆனால், அதன் ஓர் உருண்டையில் இவ்விரு அமிலங்களும் 50 மில்லிகிராம் அளவே இருப்பின், ஒரு கிராம் சத்தின் விலை 40 ரூபாய் ஆகிறது. முதல் புட்டியில் அது 20 ரூபாய். இரண்டாவதில் சுமார் 16 ரூபாய் 67 காசு. மலிவாகத் தோன்றியது விலை உயர்ந்ததாகவும், விலை உயர்ந்ததாகத் தோன்றியது மலிவாகவும் மாறிவிடுகின்றன.

லேபிலில் 'ஒமேகா-3' என்று மொத்தமாகக் குறித்துவிட்டு, இ.பி.ஏ., டி.எச்.ஏ. அளவுகளைத் தனித்தனியே குறிப்பிடாத பொருளைத் தவிர்ப்பதே நலம். 'ஒரு வேளைக்கு' என்று தரப்பட்டுள்ள அளவு ஒரு காப்ஸ்யூலுக்கா, இரண்டுக்கா என்பதையும் கவனிக்க வேண்டும். இரண்டு காப்ஸ்யூல்களின் சத்தை ஒன்றின் சத்தாக எண்ணி ஏமாறுவோர் பலர்.

தயாரிப்பும் வடிவமும்

மீனை வேகவைத்து, பிழிந்து, வரும் திரவத்தைச் சுழற்சி இயந்திரத்தில் இட்டு எண்ணெயைப் பிரிக்கின்றனர். நூறு கிலோ மீனிலிருந்து சராசரியாக ஐந்து கிலோ எண்ணெய் கிடைக்கும். எஞ்சியது மீன் தூளாகிக் கோழி, இறால், வளர்ப்பு மீன் ஆகியவற்றுக்குத் தீவனமாகிறது. பிரித்த எண்ணெயின் அமிலத்தன்மை நீக்கப்பட்டு, நிறமும் மணமும் அகற்றப்படுகின்றன. செறிவூட்ட விரும்புவோர் எண்ணெயை எத்தில் எஸ்டர் என்னும் வடிவத்திற்கு மாற்றி, வெற்றிடத்தில் வடித்தெடுக்கின்றனர். மாசுப் பொருள்கள் பெரிதும் நீங்குவதற்கும் இம்முறை உதவுகிறது. பாதரசம் மீனின் புரதத்தோடு இணைந்திருக்கும் இயல்புடையதால், சுத்திகரிக்கப்பட்ட எண்ணெயில் அது மிகக் குறைவு.

செறிவூட்டிய எண்ணெய் எத்தில் எஸ்டராகவே விற்கப்படுவதுண்டு; மீண்டும் டிரைகிளிசரைடு வடிவத்திற்கு மாற்றி விற்கப்படுவதும் உண்டு. பின்னது விலை கூடுதல். வெறும் வயிற்றில் உட்கொண்டால் எத்தில் எஸ்டர் குறைவாகவே உடலில் சேர்கிறது. ஆனால், எண்ணெயோ நெய்யோ சேர்ந்த முழு உணவுடன் உட்கொண்டால் இந்த வேறுபாடு பெரிதும் குறைந்துவிடும். ஆகவே, வடிவத்திற்காகக் கூடுதல் விலை தருவதைக் காட்டிலும், மதிய உணவுடனோ இரவு உணவுடனோ உட்கொள்ளும் பழக்கமே செலவில்லாத வழி. மீன் மணத்துடன் ஏப்பம் வருவதும் இதனால் குறையும்.

கெட்டுப்போகும் எண்ணெய்

நல்லெண்ணெயையும் தேங்காய் எண்ணெயையும் போல மீன் எண்ணெய் நெடுநாள் தாங்குவதில்லை. இ.பி.ஏ., டி.எச்.ஏ. ஆகியவற்றின் மூலக்கூறு அமைப்பே காற்று, வெப்பம், வெளிச்சம் ஆகியவற்றால் எளிதில் சிதையக் கூடியது. அவ்வாறு காறிப்போன எண்ணெயில் சத்து குறைவதோடு, வேண்டாத பொருள்களும் உருவாகின்றன. இதை அளக்க இரண்டு சோதனைகள் உள்ளன. பெராக்சைடு மதிப்பு தொடக்க நிலைச் சிதைவையும், அனிசிடின் மதிப்பு முற்றிய சிதைவையும் காட்டும். மீன் எண்ணெய்களுக்கென 2017-இல் ஏற்கப்பட்ட கோடெக்ஸ் சர்வதேசத் தரத்தின்படி, முதலாவது 5-க்கும், இரண்டாவது 20-க்கும் மிகலாகாது. முதலாவதை இரட்டித்து இரண்டாவதுடன் கூட்டி வரும் மொத்தம் 26-க்கு மிகலாகாது. பாஸ்போலிப்பிட் மிகுந்த எண்ணெய்கள் போன்ற சிலவற்றுக்கு இந்த வரம்பு வேறாக உள்ளது.

நியூசிலாந்து நாட்டுக் கடைகளில் விற்கப்பட்ட 32 மீன் எண்ணெய்ப் பொருள்களைச் சோதித்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளிவந்தது. அவற்றில் பெரும்பாலானவை பெராக்சைடு வரம்பைத் தாண்டியிருந்தன. லேபிலில் கூறிய அளவு சத்து மூன்றில் மட்டுமே முழுமையாக இருந்தது. அதே வட்டாரத்தில் பின்னர் நடந்த சோதனைகள் நிலைமை இத்துணை மோசமன்று என்று தெரிவித்தன. எனினும், தயாரிப்பிடத்தில் நல்ல நிலையில் இருந்த எண்ணெய் கடையின் அலமாரியை அடையும்போதும் அவ்வாறே இருக்கும் என்று நம்பிவிட முடியாது என்னும் படிப்பினை நமக்குப் பொருந்தும். கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஊர்களில், லாரியிலும் கிடங்கிலும் நாள்கணக்கில் தங்கி வரும் பொருளுக்கு இது மேலும் பொருந்தும்.

வாங்குவோர் செய்யத்தக்கவை சில உள்ளன. தயாரிப்பு நாள் அண்மையதாக உள்ள புட்டியைத் தேர்ந்தெடுக்கலாம். வெளிச்சம் புகாத புட்டியோ, காற்றுப் புகாத அட்டையோ நல்லது. சிதைவைத் தடுக்க வைட்டமின் ஈ எனப்படும் டோகோபெரால் சேர்க்கப்பட்டுள்ளதா எனப் பார்க்கலாம். இருநூறு காப்ஸ்யூல்கள் அடங்கிய பெரிய புட்டி மலிவாக இருப்பினும், இரண்டு மாதத்திற்குள் தீர்ந்துவிடும் சிறிய புட்டியே சிறந்தது. வீட்டில் குளிர்ந்த, நிழலான இடத்தில் வைத்தல் வேண்டும். புட்டியைத் திறந்ததும் ஒரு காப்ஸ்யூலை வெட்டி முகர்ந்து பார்ப்பது பயனுள்ள சோதனை. புதிய எண்ணெயில் இலேசான மீன் மணமே இருக்கும். காறல் நெடியும் கசப்பும் இருப்பின் அதை உட்கொள்ளலாகாது. எலுமிச்சை, ஆரஞ்சு முதலிய மணங்கள் காறலை மறைத்துவிடக் கூடும் என்பதையும் மறக்கலாகாது. தயாரிப்பாளரிடம் குறிப்பிட்ட தயாரிப்புத் தொகுதிக்குரிய சோதனைச் சான்றிதழைக் கேட்கும் உரிமையும் நுகர்வோருக்கு உண்டு. அதைத் தயங்காமல் தருவோரை நாடுவது தக்கது.

சட்டம் தரும் பாதுகாப்பு

நம் நாட்டில் இத்தகைய பொருள்கள் பெரும்பாலும் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006-இன் கீழ் வருகின்றன. உடல்நலத் துணைப் பொருள்களுக்கான தனி விதிகள் 2016-இல் வெளியிடப்பட்டன. புட்டியின் மீது இது உடல்நலத் துணைப் பொருள் என்பதும், மருத்துவப் பயன்பாட்டிற்குரியது அன்று என்பதும், குறித்த நாளளவை மீறலாகாது என்பதும் அச்சிடப்பட வேண்டும். 14 இலக்க உரிம எண் இருத்தல் வேண்டும். அசைவப் பொருளுக்கு உரிய பழுப்பு நிற முக்கோணக் குறியும் இருத்தல் வேண்டும். இவை இல்லாத பொருளை, எத்துணை புகழ் பெற்றதாயினும், வாங்காதிருப்பதே முறை.

உரிம எண் ஒன்று இருப்பதாலேயே ஒவ்வொரு தொகுதியும் அரசால் சோதிக்கப்பட்டுவிட்டதாகக் கருதலாகாது. உற்பத்தியாளரின் பொறுப்பை நிலைநாட்டுவதற்கும், குறை நேர்ந்தால் நடவடிக்கை எடுப்பதற்கும் அது வழி செய்கிறது. நோயைக் குணப்படுத்தும் என்று உரிமை கொண்டாடும் துணைப் பொருள், விதியை மீறுகிறது என்பதை நுகர்வோர் அறிந்திருத்தல் நலம்.

அளவு எவ்வளவு?

ஒரே அளவு அனைவருக்கும் பொருந்தாது. நோக்கத்தைப் பொறுத்து அளவு மாறும். இங்குக் குறிக்கப்படும் அளவுகள் யாவும் இ.பி.ஏ., டி.எச்.ஏ. ஆகியவற்றின் கூட்டுத் தொகையேயன்றி எண்ணெயின் எடை அன்று.

உடல்நலம் உள்ள பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் போதுமானது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கருதுகிறது. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் 2008-இல் கூட்டிய வல்லுநர் குழுவும் இதே அளவைக் குறைந்தபட்ச அளவாகக் கொண்டது. கருவுற்ற பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் அக்குழு கூறிய அளவு 300 மில்லிகிராம். அதில் குறைந்தது 200 மில்லிகிராம் டி.எச்.ஏ. ஆக இருத்தல் வேண்டும். கர்ப்ப காலத்தில் ஒமேகா-3 பெறுவோரிடையே குறைப்பிரசவம் குறைகிறது என்பதை, ஏறத்தாழ 20,000 பெண்களை உள்ளடக்கிய 70 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பீடு 2018-இல் எடுத்துக்காட்டியது. 37 வாரங்களுக்கு முந்திய பிரசவங்கள் சுமார் 11 சதவிகிதமும், 34 வாரங்களுக்கு முந்தியவை சுமார் 42 சதவிகிதமும் குறைந்தன.

இரத்தத்தில் டிரைகிளிசரைடு மிகுந்துள்ளவர்களுக்கு நிலைமை வேறு. நாளொன்றுக்கு 4 கிராம் அளவில் இவ்வமிலங்கள் டிரைகிளிசரைடை 20 முதல் 30 சதவிகிதம் வரையும், மிக அதிகமாக உள்ளவரிடம் அதற்கு மேலும் குறைக்கின்றன. அமெரிக்க இருதயச் சங்கம் 2019-இல் இதனை உறுதி செய்தது. ஆனால், இது மருத்துவர் சீட்டின் பேரில் வழங்கப்படும் மருந்தைப் பற்றியது என்பதையும் தெளிவுபடுத்தியது. சாதாரண காப்ஸ்யூலில் 4 கிராம் பெற வேண்டுமாயின் நாளொன்றுக்குப் பதின்மூன்று, பதினான்கு காப்ஸ்யூல்கள் தேவைப்படும். மேலும், நம் நாட்டில் டிரைகிளிசரைடு உயர்வுக்குத் தீட்டிய அரிசி, மைதா, சர்க்கரை, மது, கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு ஆகியவை பெரும் காரணங்கள். அவற்றைத் திருத்தாமல் எண்ணெயை மட்டும் நாடுவது, ஓட்டைப் பானையை அடைக்காமல் நீர் ஊற்றுவதை ஒக்கும்.

முடக்குவாத நோயாளருக்கு நாளொன்றுக்குச் சுமார் 3 கிராம் அளவு, மூட்டு வலியையும் வலி நிவாரணி மாத்திரைகளின் தேவையையும் ஓரளவு குறைப்பதாக ஆய்வுகள் கண்டுள்ளன. இதன் பயன் தெரியச் சில மாதங்கள் ஆகும். வயது முதிர்வினால் வரும் எல்லா மூட்டு வலிக்கும் இது பொருந்தும் என்று கொள்ளலாகாது.

இதய நோயைத் தடுக்குமா?

பெரும்பாலோர் மீன் எண்ணெயை வாங்குவது இதயத்திற்காகவே. இத்துறையில் ஆய்வு முடிவுகள் காலப்போக்கில் மாறி வந்துள்ளன. மாரடைப்பிலிருந்து மீண்ட 11,324 பேரிடம் இத்தாலியில் நடத்தப்பட்டு 1999-இல் வெளிவந்த ஆய்வில், நாளொன்றுக்கு ஒரு கிராம் காப்ஸ்யூல் பெற்றோரிடையே இறப்பு குறைந்தது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகள் பரவலான பின்னர் நடந்த ஆய்வுகளில் இப்பயன் அவ்வாறு தென்படவில்லை. நீரிழிவு நோயாளர் 15,480 பேரிடம் நடந்த ஆய்வும், பொதுமக்கள் 25,871 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வும் 2018-இல் வெளிவந்தன. இரண்டிலும், நாளொன்றுக்கு ஒரு கிராம் காப்ஸ்யூலால் மாரடைப்பு, பக்கவாதம் முதலிய இடர்களின் மொத்தத்தில் குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை. எனினும், பின்னைய ஆய்வில் மீனைக் குறைவாக உண்டோரிடையே ஓரளவு பயன் தென்பட்டது கவனிக்கத்தக்கது.

பெரிய அளவுகளில் நடந்த இரு ஆய்வுகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டன. ஸ்டாட்டின் உட்கொண்டும் டிரைகிளிசரைடு உயர்ந்திருந்த 8,179 பேரிடம், தூய இ.பி.ஏ. மருந்து நாளொன்றுக்கு 4 கிராம் கொடுத்தபோது இதய இடர்கள் 25 சதவிகிதம் குறைந்ததாக 2018-இல் அறிவிக்கப்பட்டது. இ.பி.ஏ.யும் டி.எச்.ஏ.யும் கலந்த மருந்தை அதே அளவில் 13,078 பேரிடம் சோதித்த ஆய்வோ பயன் ஏதும் காணாமல் 2020-இல் முடிவுற்றது. முதல் ஆய்வில் ஒப்பீட்டிற்குக் கொடுக்கப்பட்ட கனிம எண்ணெயே தீங்கு செய்து வேறுபாட்டைப் பெரிதாக்கிக் காட்டியதா என்னும் விவாதம் இன்றும் தீரவில்லை.

இவற்றிலிருந்து பெறப்படும் முடிவு இதுவே: உடல்நலம் உள்ள ஒருவர் மாரடைப்பைத் தவிர்க்கும் நோக்கத்துடன் காப்ஸ்யூல் வாங்குவதற்கு வலுவான சான்று இல்லை. இதய நோயாளர் தம் மருத்துவரின் கருத்தின்படி நடத்தல் வேண்டும். எந்நிலையிலும் இரத்த அழுத்த மாத்திரைக்கோ ஸ்டாட்டினுக்கோ மீன் எண்ணெய் மாற்றாகாது. காப்ஸ்யூலின் செலவிற்காக அம்மருந்துகளை நிறுத்துவது உயிருக்கே தீங்காய் முடியலாம்.

மிகினும் தீங்கு

பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராம் வரை பாதுகாப்பு குறித்து ஐயம் இல்லை என்று ஐரோப்பிய ஆணையம் 2012-இல் கூறியது. ஆனால், பின்னர் வந்த ஆய்வுகளில், குறிப்பாக ஒரு கிராமுக்கு மேற்பட்ட அளவுகளில், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் ஒழுங்கற்ற இதயத் துடிப்பு கூடுவது கண்டறியப்பட்டது. ஆதலின், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர், இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோர், அறுவை சிகிச்சையை எதிர்நோக்குவோர், மீன் ஒவ்வாமை உள்ளவர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடங்கலாகாது.

ஈரல் எண்ணெயில் மற்றோர் ஆபத்து உண்டு. சாதாரண காட் ஈரல் எண்ணெய் ஒரு தேக்கரண்டியில் இ.பி.ஏ., டி.எச்.ஏ. சுமார் 800 மில்லிகிராமும், வைட்டமின் ஏ சுமார் 4,500 சர்வதேச அலகும் இருக்கும். 4 கிராம் ஒமேகா-3 பெற விரும்பி ஐந்து தேக்கரண்டி உட்கொள்பவர், வைட்டமின் ஏ 22,500 அலகு உட்கொண்டவர் ஆகிறார். பெரியவர்களுக்கு உச்ச வரம்பாகக் கருதப்படுவது 10,000 அலகே. சுறா ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ இன்னும் மிகுதி. மிகுந்த வைட்டமின் ஏ ஈரலைப் பாதிக்கும். கருவிலுள்ள குழந்தைக்கு ஊனத்தை விளைவிக்கும். எனவே, கருவுற்ற பெண்களுக்கு ஈரல் எண்ணெய் ஏற்றதன்று. உடல் எண்ணெய் வேறு, ஈரல் எண்ணெய் வேறு என்னும் பாகுபாட்டின் முழு முக்கியத்துவமும் இங்கே விளங்கும்.

மீனா, காப்ஸ்யூலா?

வாரத்திற்கு 100 முதல் 200 கிராம் வரை மீன் உண்ணலாம் என்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு வழிகாட்டி பரிந்துரைத்துள்ளது. மத்தி போன்ற கொழுப்பு மீனில் 100 கிராம் தசைக்கு ஏறத்தாழ ஒரு கிராம் இ.பி.ஏ., டி.எச்.ஏ. உண்டு, பருவத்திற்கேற்ப இது கூடும், குறையும். வாரம் 200 கிராம் உண்பவருக்கு நாளொன்றுக்குச் சராசரி 285 மில்லிகிராம் கிடைத்துவிடுகிறது. கிலோ 200 ரூபாய்க்கு வாங்கி, தலையும் முள்ளும் கழித்துக் கணக்கிட்டாலும் வாரச் செலவு சுமார் 66 ரூபாய். மேலே கண்ட முதல் புட்டியில் நாளொரு காப்ஸ்யூல் வீதம் வாரச் செலவு 42 ரூபாய். ஒமேகா-3 ஒன்றையே எண்ணினால் காப்ஸ்யூல் மலிவுதான். ஆனால், மீனுடன் சுமார் 40 கிராம் உயர்ந்த புரதமும், கால்சியமும், வைட்டமின் பி-12-உம் சேர்ந்தே வருகின்றன; குடும்பத்தின் ஒரு வேளைக் குழம்பும் ஆகிறது. காப்ஸ்யூல் எந்த உணவின் இடத்தையும் நிரப்புவதில்லை.

மீன் கிடைக்காத உள்நாட்டுப் பகுதியினருக்கும், நன்னீர் மீனான ரோகு, கட்லா போன்றவற்றை மட்டும் உண்போருக்கும் இவ்வசதி குறைவு. அம்மீன்கள் புரதத்தில் சிறந்தவை எனினும் ஒமேகா-3 அவற்றில் குறைவு. சைவ உணவினர் ஆளிவிதை, கடுகெண்ணெய், அக்ரூட், சோயா ஆகியவற்றிலிருந்து ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்னும் ஒமேகா-3 பெறலாம். உடல் அதில் சிறு பகுதியையே இ.பி.ஏ. ஆகவும், அதிலும் சிறு பகுதியையே டி.எச்.ஏ. ஆகவும் மாற்றுகிறது. கருவுற்ற சைவப் பெண்கள் போன்றோருக்குக் கடற்பாசி நுண்ணுயிர்களிலிருந்து எடுக்கப்படும் டி.எச்.ஏ. எண்ணெய் தக்க மாற்று. மீன்களும் தம் ஒமேகா-3 சத்தை அடிப்படையில் இந்நுண்ணுயிர்களிடமிருந்தே பெறுகின்றன. சைவர்கள் காப்ஸ்யூலின் கூடு விலங்கு ஜெலட்டினால் ஆனதா என்பதையும் பார்த்து வாங்க வேண்டும்.

கடலின் வரம்பு

இந்த எண்ணெயின் மூலம் வற்றாத ஊற்று அன்று. இந்தியாவின் மேற்குக் கடற்கரையில் ஏழை எளியோரின் மீனாக விளங்கி வந்தது மத்தி. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கின்படி, கேரளத்தில் 2012-இல் ஏறத்தாழ 3.9 லட்சம் டன்னாக இருந்த மத்தி வரத்து, 2021-இல் சுமார் 3,300 டன்னாகச் சரிந்தது. மறு ஆண்டில் ஓரளவு மீண்டது. கடல் வெப்ப மாறுதல்களும், குஞ்சு மீன்களைப் பிடித்தலும் இத்தகைய ஏற்ற இறக்கங்களுக்குக் காரணமாகக் கருதப்படுகின்றன. பிடிக்கப்படும் மத்தியில் ஒரு பகுதி உணவுக்குச் செல்லாமல், மீன் தூள், எண்ணெய் ஆலைகளுக்குச் செல்கிறது. தட்டில் வைக்கத்தக்க மீனைத் தீவனமாகவும் காப்ஸ்யூலாகவும் மாற்றி, அதன் ஒரு சிறு கூறினைப் பன்மடங்கு விலைக்கு வாங்குவது சிக்கனமான வழியன்று. உண்ணத்தக்க மீன் முதலில் உணவாகவும், தொழிற்சாலைகளில் எஞ்சும் தலை, குடல் முதலிய கழிவுகள் எண்ணெயாகவும் பயன்படுவதே நாட்டின் நலனுக்கு உகந்தது.

காப்ஸ்யூல் வாங்க முற்படும் குடும்பம் முதலில் தன் உணவைப் பார்க்க வேண்டும். வாரம் இருமுறை கொழுப்பு மீன் உண்பவருக்குப் பொதுவாகக் காப்ஸ்யூல் தேவையில்லை. மீன் உண்ணாதவரும் கருவுற்ற பெண்களும் சிறிய அளவில் உட்கொள்ளலாம். அவர்கள் உடல் எண்ணெயாகவும், இ.பி.ஏ., டி.எச்.ஏ. தனித்தனியே குறிக்கப்பட்டதாகவும், உரிம எண் உடையதாகவும், புதியதாகவும் உள்ள புட்டியைத் தேர்ந்து, ஒரு கிராம் சத்தின் விலையை ஒப்பிட்டு வாங்கி, உணவுடன் உட்கொள்ள வேண்டும். ஒரு கிராமுக்கு மேற்பட்ட அளவு மருந்தின் பாற்பட்டது. அதை நிர்ணயிக்க வேண்டியவர் மருத்துவரே. இச்சிறு கணக்கைப் போடும் பழக்கம் பரவுமாயின், நுகர்வோரின் பணம் வீணாவது குறைவதோடு, தரமான பொருளைத் தயாரிப்போருக்கும் அது ஊக்கமளிக்கும்.